குழந்தையின் பெயரும் சொந்தக்காரர்களின் பேச்சும்



சில நாட்களுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்த நேரம், அடையாறிலிருந்து ஒரு இளைஞர் போன் செய்தார். "ஹஜ்ரத், பொண்ணு பொறந்து அஞ்சு நாளாச்சு. நாளன்னைக்கு ஏழாம் நாள். இன்னும் பேர் முடிவாகல" என்றார். குரலில் சந்தோஷத்தை விடக் களைப்புதான் அதிகமாக இருந்தது.

விஷயம் இதுதான். ராயப்பேட்டையில் இருக்கிற அவருடைய அம்மா, காலமாகிவிட்ட தன் தாயாரின் பெயரை வைக்கச் சொல்கிறார். ரஹ்மத் பீவி. மருமகளுக்கு அது பழைய காலத்துப் பெயராகத் தெரிகிறது. பெண் வீட்டாருக்கோ, எல்லாம் உங்கள் பக்கத்துப் பெயர்தானா, எங்கள் பக்கம் ஆளே இல்லையா என்று மனத்தாங்கல். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் போடுகிறார்கள். கணவனும் மனைவியும் பிரசவத்துக்கு முன்பே தங்களுக்குள் ஒரு பெயரை வைத்திருந்தார்கள். ரியா. அதை வெளியே சொல்ல இருவருக்கும் பயம். "சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க ஹஜ்ரத்?" என்று அந்தத் தம்பி கேட்டார்.

இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள், அல்லது உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள். உண்மையில் இது பழைய கேள்வி. மக்காவில், நம் பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பெயர் வைத்த அன்றே கேட்கப்பட்ட கேள்வி.

அந்த ஏழாம் நாள் விருந்து

சீரா நூல்களில் இந்தச் சம்பவம் வருகிறது. தந்தை அப்துல்லாஹ் உயிரோடு இல்லை. பேரப்பிள்ளையின் பொறுப்பு பாட்டனார் அப்துல் முத்தலிபுடையது. ஏழாம் நாள் அறுத்து விருந்து வைத்துக் குறைஷிகளை அழைத்தார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் பிள்ளைக்கு என்ன பெயர் என்று விசாரித்தார்கள். முஹம்மத் என்றார் பாட்டனார். உடனே அடுத்த கேள்வி வந்தது: உங்கள் குடும்பத்துப் பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு ஏன் இந்தப் பெயர்? வானத்தில் இறைவனும் பூமியில் அவன் படைப்புகளும் இந்தப் பிள்ளையைப் புகழ வேண்டும் என்று விரும்பினேன் என்பதாக அவர் பதில் சொன்னார்.

இதைச் சொன்னவர் யார் என்று பாருங்கள். அப்துல் முத்தலிப் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவர் பெயர் ஷைபா. தந்தை ஹாஷிம் இறந்துவிட்டதால் யத்ரிபில் தாயாரிடம் வளர்ந்தார். சிற்றப்பா முத்தலிப் போய் அவரைத் தன் ஒட்டகத்தில் பின்னால் ஏற்றிக்கொண்டு மக்காவுக்கு வந்தபோது, பார்த்தவர்கள் முத்தலிப் ஒரு அடிமையை வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்து 'அப்துல் முத்தலிப்' என்றார்கள். இல்லை, இவன் என் அண்ணன் மகன் என்று சிற்றப்பா சொல்லியும் பயனில்லை. ஊர் வாய் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஊர் தவறாக நினைத்ததால் உண்டான பெயரை வாழ்நாள் முழுதும் சுமந்த மனிதர், தன் பேரனுக்குப் பெயர் வைக்கும்போது ஊர் என்ன நினைக்கும் என்று பார்க்கவில்லை.

அதே நேரம் அவர் யாரையும் ஒதுக்கவும் இல்லை. அழைத்தார், உணவளித்தார், கேட்டவர்களுக்குக் காரணம் சொன்னார். பெயரை மட்டும் மாற்றவில்லை. நம்மில் சிலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பெயரை ரகசியமாக வைத்துவிட்டு ஸ்டேட்டஸில் போடுகிறோம். சொந்த மாமி அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். அவருக்கு வருகிற கோபம் பெயர் மீது அல்ல.

பெயர் வைக்கும் உரிமை யாருக்கு?

இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்), பிறந்த குழந்தையின் சட்டங்களுக்கென்றே எழுதிய 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' நூலில், தாயும் தந்தையும் பெயரில் கருத்து வேறுபட்டால் உரிமை தந்தைக்கே என்று எழுதுகிறார்கள். இதை மேற்கோள் காட்டி மனைவியின் வாயை அடைக்கிற கணவர்களைப் பார்த்திருக்கிறேன். உரிமை என்பது சண்டை வந்தால் தீர்ப்புக்காக. கலந்து பேச வேண்டாம் என்பதற்காக அல்ல. குழந்தையின் பால்குடியை நிறுத்துகிற விஷயத்திலேயே இருவரும் மனம் ஒப்பி ஆலோசித்துச் செய்யும்படி அல்பகரா அத்தியாயம் சொல்கிறது. பால் மறப்பது சில மாதத்து விஷயம், பெயர் ஆயுள் முழுதும் வருவது. மர்யம் (அலை) அவர்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டியதும் அவர்களின் தாய்தான். ஆண் பிள்ளையை எதிர்பார்த்து நேர்ச்சை செய்திருந்த தாய், பெண் பிறந்ததும் தானே பெயரிட்டதை ஆலு இம்ரான் அத்தியாயத்தில் ஓதுகிறோம்.

அப்படியானால் பாட்டன் பாட்டி, மாமா, குப்பி இவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லையா? இருக்கிறது. அலீ (ரலி) அவர்கள் தம் மகனுக்கு 'ஹர்ப்', அதாவது போர் என்று பெயர் வைத்திருந்ததாகவும், பெருமானார் (ஸல்) அவர்கள் வந்து பிள்ளையைக் காட்டச் சொல்லி, பெயரைக் கேட்டு, இல்லை இவர் ஹஸன் என்று மாற்றியதாகவும் முஸ்னத் அஹ்மதில் வருகிறது. இரண்டாவது பிள்ளைக்கும் அதுவே நடந்து ஹுஸைன் ஆனது. தாயின் தந்தை சொன்னார், பிள்ளையின் தந்தை ஏற்றுக்கொண்டார். அதே பெருமானார் (ஸல்) அவர்கள் தமக்கு ஒரு மகன் பிறந்தபோது, இரவு எனக்குப் பிள்ளை பிறந்தது, என் தந்தை இப்ராஹீமின் பெயரை வைத்தேன் என்று மகிழ்ந்து சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆக, முன்னோர் பெயரை வைப்பதும் சுன்னத்தில் உள்ளது, குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெயரை வைப்பதும் சுன்னத்தில் உள்ளது. யஹ்யா (அலை) அவர்களின் பெயரை அதற்கு முன் எவருக்கும் வைத்ததில்லை என்று அல்லாஹ்வே குர்ஆனில் கூறுகிறான். "நம்ம வம்சத்துலயே இப்படி ஒரு பேர் கிடையாதே" என்கிற பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பொருள்தான் அளவுகோல். நல்ல பொருளாக இருந்து உறவினர் ஆசைப்பட்டால் விட்டுக்கொடுங்கள், அது அவர்களுக்குச் செய்யும் உபகாரம். பொருள் கெட்டதாக இருந்தால் யாருடைய பெயராக இருந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்) மதீனாவின் பெரும் அறிஞர். அவருடைய பாட்டனார் பெயர் ஹஸ்ன், கரடுமுரடான நிலம் என்று பொருள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை ஸஹ்ல் என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், இலகுவானது என்று பொருள். என் தந்தை வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் அந்தக் கரடுமுரடு போகவே இல்லை என்று பேரர் ஸயீத் அவர்களே சொன்னதை புகாரியில் பார்க்கிறோம். ஹஸ்ன் கெட்டவர் அல்ல, தந்தை மீது பாசம் கொண்டவர். அந்தப் பாசம் தவறான இடத்தில் நின்றுவிட்டது.

நான் செய்த தவறு

இதை மிம்பரில் சொல்ல எனக்குக் கூச்சம்தான். பத்து வருடங்களுக்கு மேல் இருக்கும். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் பெயர் சூட்டும் மஜ்லிஸ், ஆண் குழந்தை. பாட்டியம்மா தன் மறைந்த கணவரின் பெயரை வைக்க வேண்டும் என்றார். காதர் பிச்சை. நான் அப்போது இமாமத்துக்குப் புதிது, மத்ரஸாவில் படித்ததெல்லாம் நாக்கு நுனியில் இருந்த நேரம். "பிச்சைன்னு பேர் வெக்கலாமாம்மா? புள்ள என்ன யாசகனா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். சபையில் சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா எழுந்து சமையலறைக்குள் போனவர், துஆ முடிந்து நாங்கள் சாப்பிட்டுக் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. நான் சொன்ன வேறு ஒரு பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள்.

மனம் உறுத்தியதால் ஒரு வாரம் கழித்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எங்க மாமியாருக்கு வரிசையா புள்ளைங்க தங்கல ஹஜ்ரத். கடைசியா அவங்க ஒருத்தங்கதான் நின்னாங்க. இது ஆண்டவன் போட்ட பிச்சைன்னு அந்தப் பேர வெச்சாங்க" என்றார்.

தமிழ்நாட்டில் பிள்ளை தங்காத வீடுகளில் பிச்சை என்று பெயர் வைப்பது எல்லாச் சமூகத்திலும் இருந்த வழக்கம். பிச்சைமுத்து, பிச்சையம்மாள் எல்லாம் அப்படி வந்தவை. அந்தப் பெயருக்குள் ஒரு தாயின் அத்தனை ஜனாஸாக்களும் இருந்தன. நான் அகராதிப் பொருளை மட்டும் பார்த்தேன்.

அன்று நான் பெருமானாரின் வழியில் நடந்திருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கும். அவர்கள் பெயரை மாற்றியபோது யாரையும் சபையில் கேலி செய்யவில்லை. பக்கத்திலேயே இருக்கும் ஒரு நல்ல பெயரைக் கையில் கொடுத்தார்கள். ஆஸியா, மாறுசெய்பவள் என்ற பெண்ணை ஜமீலா ஆக்கினார்கள். அஸ்ரம், அறுக்கப்பட்டவன் என்ற பொருளில் இருந்தவரை ஸுர்ஆ, விதைப்பு என்று ஆக்கினார்கள். அந்தப் பாட்டியம்மாவிடம் நான், "அல்லாஹ் கொடுத்தது என்றுதானே உங்கள் மாமியார் வைத்தார்கள், அரபியில் அதே பொருளில் அதாவுல்லாஹ் என்று வைப்போமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் தன் வாயாலேயே பேரனைக் கூப்பிட்டிருப்பார். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். பாட்டி இன்றைக்கும் அவனைத் தம்பி என்றுதான் அழைக்கிறார். நான் வைத்த பெயர் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

அந்த இளைஞர் சொல்லாமல் விட்டது

அடையாறு தம்பியிடம் வருகிறேன். ரியா என்ற பெயர் எப்படித் தோன்றியது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "வீடு பார்க்கப் போனா பேர் கேட்டதும் வாடகைக்கு இல்லன்னு சொல்றாங்க ஹஜ்ரத். எனக்கு மூணு தடவ ஆச்சு. புள்ளைக்காவது பொதுவா ஒரு பேர் இருக்கட்டும்னு."

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் நடந்திருக்கிறது. போனில் பேசும்போது காலியாக இருந்த வீடு, நேரில் போய் நின்றதும் நிரம்பிவிட்டது. ஆகவே அந்தத் தகப்பனை ஈமான் குறைந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பெயர் அரபியில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மார்க்கத்தில் இல்லை. நஹ்வு படிக்கிற மாணவனுக்குத் தெரியும், இப்ராஹீம், இஸ்மாயீல், யஃகூப், யூசுஃப் இவை அஜமிப் பெயர்கள், அதனால்தான் தன்வீன் ஏற்பதில்லை. பிற மொழியிலிருந்து வந்த பெயர்களைக் குர்ஆன் அப்படியே சொல்கிறது. ஆனால் ரியா விஷயத்தில் வேறு ஒரு சிக்கல். அரபு காதுக்கு அது 'ரியாஃ', முகஸ்துதி. பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக அமல் செய்வது. தொழுகையைக் கெடுக்கும் நோய் என்று நாம் எச்சரிக்கிற அதே வார்த்தை. இதைச் சொன்னதும் அந்தத் தம்பி அதிர்ந்துபோனார். "அதான் அம்மா வேணாம்னாங்களோ?" என்றார். இல்லை, அம்மா வேண்டாம் என்றது சொந்தக்காரர்களுக்காக. காரணம் தவறு, முடிவு சரி. சில நேரம் பெரியவர்கள் விஷயத்தில் இப்படியும் அமைந்துவிடும்.

பிறகு அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான். பெயரை மறைத்து வீடு கிடைத்துவிடும், நோன்பு வந்தால்? பெருநாள் வந்தால்? மகள் பெரியவளாகி எனக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால், பயந்து வைத்தோம் என்று சொல்வீர்களா? நம் தியாகராய நகரைப் பாருங்கள். உஸ்மான் ரோட்டில் நகை எடுக்காமல் சென்னையில் எத்தனை கல்யாணம் நடக்கிறது? 1934ல் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராக இருந்த முஹம்மது உஸ்மானின் பெயர் அது. பக்கத்திலேயே ஹபிபுல்லா சாலை, வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த முஹம்மது ஹபிபுல்லாவின் பெயர். எல்லா மதத்தவர் வாயிலும் தினமும் புழங்குகிற பெயர்கள். வீட்டுக்காரர் செய்கிற அநியாயத்துக்குப் பிள்ளை தன் பெயரைக் கொடுத்து ஈடுகட்ட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டாரும் எளிதாகக் கூப்பிடும்படி வேண்டும் என்றால் ஸாரா, மர்யம், ஆதம், யூசுஃப் என்று எத்தனையோ இருக்கின்றன.

வாயில் நுழையவில்லை என்பதையும் பெரிதாக எடுக்காதீர்கள். கீழக்கரை வள்ளல் செய்கு அப்துல் காதிரைத் தமிழ் சீதக்காதி ஆக்கிக்கொண்டது. பெயர் திரிந்தாலும் மனிதர் நிலைத்தார்.

சில சிறு விஷயங்கள்

நியூமராலஜி பார்த்து எழுத்தைக் கூட்டுவது, குறைப்பது, இதற்கெல்லாம் மார்க்கத்தில் இடமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் "பேர் கனமா இருக்கு, தாங்கல, மாத்துங்க" என்று நம் உருது பேசும் வீடுகளில் சொல்வார்கள். டாக்டரிடம் போங்கள்.

செல்போனில் கிடைக்கும் பெயர்ப் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். குர்ஆனில் வருகிறது என்பதால் மட்டும் ஒரு சொல் பெயராகிவிடாது. அன்அம்த்த என்பதைப் பெண் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். ஃபாத்திஹாவில் வரும் அந்தச் சொல்லுக்கு 'நீ அருள்புரிந்தாய்' என்று பொருள், அது ஒரு வினைச்சொல். எழுத்திலும் கவனம் வேண்டும். படைத்தவனின் அடியான் என்று நினைத்து அப்துல் ஹாலிக் என்று எழுதுகிறோம், காலிக் என்று இருக்க வேண்டும். ஹாலிக் என்றால் அரபியில் அழிந்துபோகிறவன். பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து, ஆபீஸில் 'மிஸ்டர் அப்துல்' என்று கூப்பிடுகிறார்கள். யாருடைய அடியான் என்பது காணாமல் போகிறது. சேர்த்து எழுதுங்கள்.

சொந்தபந்தம் ஒத்துவரட்டும் என்று மாதக்கணக்கில் பெயரில்லாமல் பாப்பா, குட்டி என்று ஓட்டாதீர்கள். பிறந்த அன்றே வைக்கலாம், ஏழாம் நாளும் வைக்கலாம், இரண்டுக்கும் ஹதீஸ் இருக்கிறது. அரசாங்கப் பக்கமும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலும் பதிவு நடந்துவிடும். பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமில்லை, பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்போர்ட் வரை, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் பதியுங்கள். ஐந்து நிமிட வேலை.

ரஹ்மத் பீவியின் பேரன் மகள்

அன்று இரவு அந்தத் தம்பி மறுபடி போன் செய்தார். இந்த முறை ஸ்பீக்கரில் அவருடைய அம்மாவும் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாவிடம், உங்கள் தாயாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். ரஹ்மத் என்றுதான் கூப்பிடுவார்களாம், பீவி எல்லாம் ரேஷன் கார்டில் மட்டும்தான். மருமகளிடம் கேட்டேன், ரஹ்மா என்றால் பிடிக்குமா? பிடிக்கும் என்றார், சின்னதாக அழகாக இருக்கிறது என்றார்.

இரண்டும் ஒரே சொல் என்று அவர்களுக்கு விளக்கினேன். கடைசி எழுத்து வட்டமான தே. நிறுத்தி ஓதினால் ரஹ்மா, சேர்த்து ஓதினால் ரஹ்மத். குர்ஆன் ஓதத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான், பெயர் என்று வரும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. பொருள் அருள். சான்றிதழில் ரஹ்மா என்று எழுதுங்கள், நீங்கள் ரஹ்மத் என்று கூப்பிடுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பொண்ணு வீட்டுக்கு நானே போன் போட்டுச் சொல்றேன் ஹஜ்ரத், அவங்க மனசும் நோகக் கூடாது" என்றார்.

ஏழாம் நாள் காலையில் முடி இறக்கினார்கள். அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்ய வேண்டும் என்று முடியை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, அந்தத் தம்பி உஸ்மான் ரோட்டில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். தராசில் வைத்த கடைப் பையன் பாப்பா பேர் என்ன சார் என்று கேட்டானாம். சொன்னாராம்.

யா அல்லாஹ்! அந்தக் குழந்தையையும் எங்கள் பிள்ளைகள் அனைவரையும் ஸாலிஹான பிள்ளைகளாக ஆக்குவாயாக! ஆமீன்.